தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் உட்காரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவரை மையமாக வைத்த கல்வி என்று எல்லோரும் பேசுகிறோம், ஆனால் அதைத் தொடங்க வேண்டிய தலைமையாசிரியர் கோப்புகளோடு அலுவலக அறையிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் வகுப்பில் எதுவும் மாறாது. வாரத்தில் சில பாடவேளையாவது அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியரை எடைபோடாமல், கேள்வி யாரிடம் போகிறது, யார் நாள் முழுக்க வாயே திறக்கவில்லை என்று பார்க்கட்டும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள்; அதை 3 விநாடியாக்கினாலே பதில்கள் நீளுகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். செலவே இல்லாத மாற்றம் இது!

அப்புறம், அனுபவமுள்ள ஆசிரியர்களை எப்போதும் நன்றாகப் படிக்கும் பிரிவுக்கே ஒதுக்குவது பெரிய அநியாயம். தடுமாறும் பிள்ளைகளுக்குத்தான் அவர்கள் முதலில் தேவை. இதையெல்லாம் சொன்னால், புதிதாகத் திட்டமிட ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பார்கள். சரி, உண்மைதான், அதனால்தான் ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் திட்டமிட ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தர வேண்டும் என்கிறேன். அடுத்த கல்வியாண்டுக்கு அட்டவணை போடும்போதே தலைமையாசிரியர்கள் இதைச் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்