பானை ஓட்டுக்கும் ஒரு விலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வானம் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழம் போனதும் கடப்பாரை எதிலோ பட்டு நின்றது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால், அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழி, வாய் விளிம்பே விரல் தடிமன் இருக்கும். பக்கத்திலேயே உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக ஒரு கிண்ணம், அதன் கழுத்துக்குக் கீழே ஏணி மாதிரி ஒரு கீறல். சாயங்காலம் நான் திரும்ப வருவதற்குள் எல்லாம் நொறுங்கி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கிக் கட்டுகிறார். "விஏஓவுக்குத் தெரிஞ்சா வேலையை நிறுத்திடுவாங்க, இடமும் போயிடும்" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம்தான் நம்மிடம் இன்றும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சரி, சொன்னால் என்ன கிடைக்கும்? அரசு அதை எடுத்துக்கொண்டால், அந்தப் பொருள் எதனால் ஆனதோ அதன் மதிப்பும், கூடவே அதில் ஐந்தில் ஒரு பங்கும். அதாவது தங்கத்துக்குத் தங்க விலை, செம்புக்குச் செம்பு விலை. எழுத்துப் பொறித்த பானை ஓட்டுக்கு? அது வெறும் மண்தானே!

மயிலாடுதுறை பக்கம் செம்பியன்கண்டியூரில் 2006இல் ஒரு பள்ளி ஆசிரியர் கொல்லையில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி தோண்டியபோது ஒரு கற்கோடரி கிடைத்தது. அதில் இருந்தவை சிந்துவெளி நாகரிகத்தின் எழுத்துக் குறிகள் என்றார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன், நாடே அதைப் பற்றிப் பேசியது. அந்த ஆசிரியர் விவரம் தெரிந்தவர், அதனால் உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். எடைக்குப் போட்டால் அந்தக் கல்லுக்கு என்ன விலை வரும்?

இதற்கு நேர்மாறானது பத்தூர் நடராஜர் கதை. 1976இல் தஞ்சைப் பக்கம் ஒரு கூலித் தொழிலாளி தோண்டும்போது கிடைத்த சிலை அது. அவர் அதைச் சொற்பக் காசுக்கு விற்றுவிட, கைமாறிக் கைமாறி லண்டன் போய், பல வருடம் வழக்கு நடத்தி 1991இல்தான் நம்மால் மீட்க முடிந்தது. அன்றைக்கே அவருக்கு ஒரு நியாயமான தொகை கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் ஏன் வியாபாரியிடம் போகப் போகிறார்?

இங்கிலாந்தில் 2009இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு வயலில் பழைய தங்கப் பொருட்கள் கிடைத்தபோது, நிபுணர் குழு போட்ட விலையான 32.85 லட்சம் பவுண்டை, கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம் அரசிடம் நான் அவ்வளவு கேட்கவில்லை. பொருளின் வரலாற்று மதிப்பைப் பார்த்து ஒரு தொகை, வேலை நின்ற நாட்களுக்குக் கூலி, இரண்டையும் இத்தனை நாளுக்குள் தருவோம் என்ற உறுதி, அப்புறம் அருங்காட்சியகத்தில் அந்தப் பொருளுக்குக் கீழே கொடுத்தவர் பெயர். இதை ஒவ்வொரு விஏஓ அலுவலக வாசலிலும் போர்டாக எழுதி வையுங்கள். இடம் பறிபோகுமா போகாதா என்பதையும் அதிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஜனங்களுக்குக் காசு ஆசையைவிட அந்தப் பயம்தான் பெரிது.

ஏணிக் கீறல் உள்ள அந்த ஒரு சில்லை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கப் போகிறேன், அந்த வீட்டுக்காரரையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.

— ஒரு வாசகர், மானாமதுரை