வேலி காக்காத செடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரிய தாவரங்கள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையை அக்கறையோடு படித்தேன். அவை வளரும் இடத்தை வேலியிட்டு, ஆடுமாடு அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அதில் பொதுவாகச் சொல்லியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாச் செடிக்கும் அது பொருந்தாது.

இங்கிலாந்தின் 'சிறு முயற்காது' செடியைப் பாருங்கள். தாவரவியலில் புப்ளூரம் பால்டென்சே. கேரட், கொத்தமல்லி, சீரகம் எல்லாம் சேர்ந்த குடும்பம்தான். ஆனால் அவற்றைப் போலக் கீறிப் பிரிந்த இலை இதற்குக் கிடையாது. ஒடுக்கமான முழு இலை. பெரும்பாலும் விரல் உயரம்கூட வளராது. நுனி கூரான பூவடிச் செதில்கள் மஞ்சள் பூக்களை ஏறக்குறைய மூடியே வைத்திருக்கும். குனிந்து தேடினால்தான் கண்ணில் படும். இங்கிலாந்தில் இது எஞ்சியிருப்பது தென்கடற்கரையில், பீச்சி ஹெட், பெரி ஹெட் ஆகிய முனைகளில், சுண்ணாம்புப் பாறை மேல் மண் மெலிந்து காய்ந்து கிடக்கும் இடங்களில்தான். 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் இதைப் பறிப்பதையும் பிடுங்குவதையும் தடை செய்கிறது.

சட்டம் கையைத் தடுக்கும், புல்லைத் தடுக்காது. இது ஒரே ஆண்டில் முளைத்துப் பூத்துக் காய்த்து மடிகிற செடி. நிலத்துக்கடியில் கிழங்கோ தண்டோ வைத்துக்கொண்டு மறுபடி துளிர்க்க இதனால் முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் விதையிலிருந்தே வர வேண்டும். அந்த விதைக்கு வெயில் படும் வெற்று மண் வேண்டும். அதைத் திறந்து வைப்பது வறட்சியும் கடற்காற்றும் மட்டுமல்ல; புல்லைக் கறிக்கும் ஆடும் முயலும்தான். 1953இல் மிக்சோமட்டோசிஸ் நோய் பிரிட்டனுக்குள் வந்து முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபின், பல சுண்ணாம்புப் புல்வெளிகளில் புல் ஓங்கிப் புதர் மண்டியது. குட்டைப் புல்லில் வாழும் எறும்புகளை நம்பியிருந்த பெரிய நீல வண்ணத்துப்பூச்சி பிரிட்டனில் 1979இல் அற்றே போனது.

மேய்ச்சலுக்கும் அளவும் பருவமும் உண்டு. காய் முற்றுமுன் ஒட்ட மேய்ந்துவிட்டால் விதை விழாது. ஓயாமல் மிதிபட்டாலும் செடி தாங்காது. ஆனால் அதற்காக மேய்ச்சலையே நிறுத்தி விடுவது சிறு செடிகளுக்குச் செய்யும் கொடுமை. அரிய செடி இருக்கும் இடத்துக்கு வேலி போடுமுன், அங்கே இதுவரை எது மேய்ந்தது, எந்த மாதத்தில் மேய்ந்தது என்று மேய்ப்பவர்களிடமே விசாரியுங்கள். அவர்கள் சொல்வதையும் கேட்டு ஒரு கட்டுரை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்