திருப்பணி நிறைவு அறிக்கை: மருந்துக்குத் தந்த பணத்தில் பாதை போட்டது ஏன்?

கோயில் கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும், இங்கிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போனாலும் வரி தவறாமல் அனுப்பும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வேலை முடிந்துவிட்டது. வரவு 11,65,000 ரூபாய், செலவு 11,46,500, கையிருப்பு 18,500. கணக்கைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன். "பாம்புக்கடி மருந்து வாங்கத்தானே பணம் கேட்டார்கள், ரோடு போட்டு ஜீப் வாங்கியிருக்கிறார்களே" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். கோபுரத்துக்கு வர்ணம் பூச வைத்திருந்த 2,50,000 ரூபாயையும் இதில் சேர்த்ததால் அந்தக் கேள்வி கமிட்டி மேல் சந்தேகமாகவே மாறிவிட்டது. முதலில் அதற்குப் பதில்.

இரண்டு வருடத்துக்கு முன் கொழுந்து எடுக்கும்போது நம் பெண் ஒருத்தியைப் பாம்பு தீண்டியது எல்லோருக்கும் தெரியும். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஆள் மாற்றி ஆள் தூக்கி மெயின் ரோட்டுக்குக் கொண்டுவர 50 நிமிடம். வண்டி கிடைக்க இன்னும் 40 நிமிடம். வால்பாறையில் மருந்து ஏற்றினார்கள். மூச்சு தளர்ந்ததும் மூச்சுக் கருவி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பொள்ளாச்சி 64 கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் அவள் போய்விட்டாள். மருந்து இல்லாததால் அவள் சாகவில்லை. மருந்திருக்கும் இடத்துக்கு நாம் கொண்டுபோய்ச் சேர்ந்த நேரம்தான் அவளைக் கொன்றது.

நாங்களும் முதலில் மருந்து வாங்கத்தான் கிளம்பினோம். விசாரித்தபோதுதான் விவரம் புரிந்தது. விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சிலருக்கு ஏற்றிய சில நிமிடங்களிலேயே ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது அட்ரினலின் ஊசி போட டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு குப்பியோடும் முடியாது, முதல் தவணையே எட்டிலிருந்து பத்துக் குப்பி. "தூள் மருந்துக்கு ஃப்ரிட்ஜ்கூட வேண்டாமே, டிஸ்பென்சரியில் வைத்தால் என்ன" என்று கேட்டவர்கள் உண்டு. ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஆனால் டாக்டர் வேண்டும். அந்த மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கும்போது, அதை வாங்கி இங்கே பூட்டி வைக்க உங்கள் பணத்தைச் செலவு செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். நம் நாட்டு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்குத்தான். அதற்கான விஷத்தில் பெரும்பகுதி சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நம் சோலையிலும் தேயிலைத் தூரிலும் சுருண்டு கிடக்கும் குழிவிரியன் அந்த நான்கில் சேராது. அதிலும் மூக்குநுனி மேலே தூக்கியிருக்கும் சின்னக் குழிவிரியன் கடித்தால் சிலருக்கு ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் கெடும். அதற்கு டயாலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நாம் எத்தனை குப்பி வாங்கி அடுக்கினாலும் அந்தக் கடிக்கு ஒன்றும் உதவாது.

அப்புறம்தான் நேபாளத்து டமக் பகுதியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அங்கே கடிபட்டவர்களைத் தொண்டர்கள் மோட்டார் பைக்கில் உடனே சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள். கிராமங்களில் விழிப்புணர்வும் ஊட்டினார்கள். நூறு பேரில் பத்துக்கு மேல் இருந்த சாவு 0.5 சதவீதமாகக் குறைந்தது என்று 2013இல் ஆய்வு வந்திருக்கிறது. புது மருந்தால் வந்த மாற்றம் இல்லை அது. பொதுக்கூட்டத்தில் இதைச் சொல்லித்தான் மருந்துக்குப் பதில் பாதையும் ஜீப்பும் என்று தீர்மானம் போட்டோம். கைதூக்கியவர்கள் இப்போது மறந்திருந்தால் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கலாம்.

அடுத்தது பாதையும் அதன் சுவரும். எஸ்டேட் குடியிருப்பான கீழ் லைனிலிருந்து மெயின் ரோடு வரை 400 மீட்டருக்கு, சக்கரம் ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் கான்கிரீட், திருப்பத்தில் தடுப்புச் சுவர். மதிப்பு 5,10,000. முடிந்தபோது 6,72,000. கூடுதல் 1,62,000 எங்கே போனது என்று கேட்பது உங்கள் உரிமை.

ஆடி மழையில் பன்னிரண்டு மீட்டர் சுவர் ஒரே இரவில் சரிந்தது. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே வர சுவரில் துளையே விடவில்லை. காண்ட்ராக்டர் "மழை தள்ளியதற்கு நான் என்ன செய்வேன்" என்றார். மழை பெய்யும் ஊரில்தானே சுவர் கட்டுகிறோம் என்றோம். அவர் நாங்கள் எழுதிக்கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார். அதில் துளை பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவன் நான். அந்தப் பிழை என்னுடையது, சபையில் ஒப்புக்கொண்டேன், இங்கேயும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபது வருடம் மலையில் வேலை செய்த மேஸ்திரிக்கு அது எழுதித்தான் தெரிய வேண்டுமா? மூன்று வாரம் வேலை நின்றது. சிலர் அவரைத் துரத்திவிடச் சொன்னார்கள், சிலர் கேஸ் போடச் சொன்னார்கள். கேஸ் போட்டால் அடுத்த மழைக்குள் பாதை வந்திருக்காது. கடைசியில் கூலி அவருடையது, பொருள் நம்முடையது என்று பேசி முடித்தோம். பொருளுக்கு 1,20,000. லாரி வர முடியாததால் மணலும் ஜல்லியும் தலைச்சுமையில் இறக்கிய கூலி 42,000. வேறு ரகசியம் எதுவும் இல்லை. புதுச் சுவரில் மீட்டருக்கு ஒரு துளை இருக்கிறது, மழை நாளில் வந்து பாருங்கள், தண்ணீர் கொட்டும்.

பழைய ஜீப் 3,40,000. ஆக்சிஜன் சிலிண்டர், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை, மூன்று ஸ்ட்ரெச்சர், பூட்ஸ், டார்ச் எல்லாம் சேர்த்து 96,500. இன்சூரன்ஸ், பேப்பர் செலவு 38,000. இவற்றைப் பயன்படுத்தப் பயிற்சியும் நடந்தது.

காட்டுக்குள் இருக்கும் காடர் பழங்குடிச் செட்டில்மென்ட்டுக்கு ஏன் பாதை இல்லை என்று அவர்களே கேட்டார்கள், நியாயமான கேள்வி. நம் பாதை எஸ்டேட் நிலத்தில், நிர்வாகத்தின் அனுமதியோடு வந்தது. அதற்கு அப்பால் புலிகள் காப்பகம், கமிட்டி ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவின்படி கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்குள் பாதை போட அரசுக்கு வழி இருக்கிறது. அவர்கள் ஊர்த்தலைவர் மூப்பர் தலைமையில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், மனு எழுத நாமும் உதவினோம். அதுவரை ஒரு ஸ்ட்ரெச்சர் அங்கே இருக்கும். அவர்கள் இளைஞர்கள் ஆறு பேர் அதைத் தூக்கப் பழகியிருக்கிறார்கள், நம் ஆட்களைவிட வேகமாக இறங்குகிறார்கள்.

கொடுத்தவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருநாள் கூலியை அப்படியே தந்த மேல் லைன், கீழ் லைன், ஃபேக்டரி லைன் பெண்கள். ஓய்வு பெற்ற சூப்பர்வைசர்கள். பஜார் மளிகைக்கடை, துணிக்கடை, இரண்டு பேக்கரி. பள்ளிவாசல் ஜமாத்தாரும் சர்ச் இளைஞர் குழுவும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நம் பிள்ளைகள், சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்த லைன் டீச்சர், தேனும் குங்கிலியமும் விற்ற காசில் பங்கு தந்த காடர் குடும்பங்கள், பெயர் போடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்ட, பாம்பு கடித்து இறந்த அந்தப் பெண்ணின் அம்மா. முழுப் பட்டியல் கோயில் பலகையில் இருக்கிறது. விட்டுப்போயிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், எழுதிவிடலாம்.

ஜீப் இதுவரை மூன்று முறை போயிருக்கிறது. கீழ் லைனிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஆறு நிமிடம். மூவரும் வீடு திரும்பிவிட்டார்கள். ஒரு சின்னப் பையனுக்கு மட்டும் மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. மற்ற இருவரையும் ஒருநாள் கண்காணிப்பில் வைத்து அனுப்பினார்கள். அதை வீண் டீசல் என்று யாரும் சொல்ல வேண்டாம். கடித்தது எதுவென்று இருட்டில் நமக்குத் தெரியாது. பிளேடால் கீறாமல், கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், மந்திரிக்கக் கூட்டிப்போகாமல் நேராக ஜீப்புக்கு வந்தார்கள், அதுவே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

சாவி பகலில் ஆபீஸிலும் இரவில் பூசாரி வீட்டிலும் இருக்கும். டிரைவர்கள் நான்கு பேரின் நம்பர் ஒவ்வொரு லைன் தண்ணீர்த் தொட்டியிலும் எழுதியிருக்கிறது. கையிருப்பு 18,500 டீசலுக்கு. மாதம் வீட்டுக்கு இருபது ரூபாய் என்று கூட்டத்தில் கேட்கப்போகிறோம். பில்கள் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

செயலாளர்,
கோயில் கமிட்டிக்காக