கண்டக்டர் அண்ணாவுக்கும் மத்த எல்லாருக்கும் நன்றிங்க

பாப்பாவோட டிசி ஒருவழியா நேத்து வந்து சேர்ந்துருச்சு. ஐதராபாத்துல என்ன நடந்துச்சு, ஏன் புள்ளையைக் கூட்டிக்கிட்டு தனியா வந்தேன்ங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுதற தெம்பு இல்லைங்க.

சபரி எக்ஸ்பிரஸ்ல இருந்து திருப்பூர்ல எறங்குனப்ப பொட்டியை எறக்கி விட்ட தம்பிங்க, அட்வான்ஸைப் பாதி பாதியா வாங்கிக்கிட்டதோட உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாருன்னு ஒருக்கா கூட கேக்காத வீட்டுக்கார அம்மா, பனியன் கம்பெனில செக்கிங்ல சேர்த்து விட்ட அக்கா, எல்லாருக்கும் நன்றி. பழைய ஸ்கூல்ல டிசியை இழுத்தடிச்சப்ப இங்க ஹெச்எம் டீச்சர் "அது வர்றப்ப வரட்டும், புள்ளை உள்ள வரட்டும்"னுட்டாங்க. வேற மாநிலத்துல இருந்து வந்தாலும் டிசி லேட்டுன்னு அரசு ஸ்கூல்ல அட்மிஷனைத் தள்ளிப்போடக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்குதுங்க, அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலைச் சாப்பாடும் அங்கயே போடறதால ஷிஃப்டுக்கு ஓட முடியுது.

ஆனா இந்த லெட்டர் முக்கியமா அவிநாசில இருந்து திருப்பூர் வர்ற டவுன் பஸ் கண்டக்டர் அண்ணாவுக்கு. பாப்பா தமிழ் பேசுவா, எழுத்து ஒண்ணும் தெரியாது, அங்க படிச்சதெல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும்தான். மூணாங்கிளாஸ் புள்ளை ஒண்ணாங்கிளாஸ் புக்கை மடில வெச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுட்டு இருந்தா. எங்களுக்கு ஃப்ரீ டிக்கெட்தானுங்க, கிழிச்சுக் குடுத்துட்டு அவரு பாட்டுக்குப் போயிருக்கலாம். டிக்கெட்டைத் திருப்பி பின்னாடி பேனால 'பா'ன்னு எழுதி "இது வெளிய எந்தெந்த போர்டுல இருக்குதுன்னு பாரு கண்ணு"ன்னு குடுத்துட்டு முன்னாடி போயிட்டாரு. அம்மாபாளையம், அனுப்பர்பாளையம்னு நம்மூர்ல பாளையத்துக்கா பஞ்சம், காந்தி நகர் வர்றதுக்குள்ள அழுகை எங்க போச்சுன்னே தெரியல.

அப்பறம் தெனமும் டிக்கெட்டுக்குப் பின்னாடி ஒரு எழுத்து, கூட்டம் நெரியற திங்கக்கிழமை கூட மறக்க மாட்டாரு. கொஞ்ச நாள் போனதும் ஸ்டாப் பேரையே இவளைப் படிச்சு சொல்ல வெச்சாரு, "சத்தமாச் சொல்லு சாமி, கடைசி சீட்டு வரைக்கும் கேக்கோணும்". ஒருநாள் திருமுருகன்பூண்டி போர்டை எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸே கெளம்பிருச்சு, எறங்க வேண்டிய ஆத்தா ஒருத்தங்க, "போச்சாது, அடுத்ததுல எறங்கிக்கறேன், புள்ளை படிக்கட்டும்"ங்கறாங்க. அன்னைக்கு பஸ்ஸுன்னு கூட பாக்காம அழுதுட்டேங்க. வாழாம வந்தவன்னு பேசற சொந்தபந்தத்தைப் பத்தி நான் இங்க ஒண்ணும் எழுதல.

எங்க லைன் வீட்டுக்கு ஒடிசாவுல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கு, அந்தப் பையனுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுத் திண்ணைலதான் அவன் படிப்புன்னு முடிவு பண்ணிட்டேன். பாப்பாதான் டீச்சர். டிக்கெட்டுல ஒண்ணைக்கூட அவனுக்குக் குடுக்க மாட்டாளாமா, வேற காயிதத்துலதான் எழுதித் தருவாளாமா.

அண்ணா, உங்களுக்கு ரூட்டு மாத்திட்டாங்கன்னு புது கண்டக்டர் சொன்னாரு. இந்த ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கச்சாயம் சுட்டு டிப்போவுக்கு எடுத்துட்டு வாரோம். வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.