2045க்கு முன் எங்கள் காணிக்கு ஒரு பதில் சொல்லுங்கள்

மேன்மைதங்கிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கும், மலையக மாவட்டங்களிலிருந்து நாடாளுமன்றம் சென்றிருக்கும் எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பெருந்தோட்டக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் கொடுத்த காணிக் குத்தகை 2045இல் முடிகிறது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்து, பிறகு 53 வருடக் குத்தகையாக எழுதிக் கொடுத்த காணி அது. இன்னும் இருபது வருடம்கூட இல்லை. தேயிலையை மறுநடுகை செய்தால் கன்று வளர்ந்து கொழுந்து தரச் சில வருடம் பிடிக்கும், போட்ட காசு திரும்பி வர இன்னும் பல வருடம் பிடிக்கும். ஆகவே குத்தகையை நீட்டிக்கும் பேச்சு 2045 வரை காத்திருக்கப் போவதில்லை. அந்தப் பேச்சு நடக்கும் அறையில், ஐந்தாறு தலைமுறையாக அந்தக் காணியிலேயே பிறந்து அதிலேயே புதைக்கப்படும் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களான எங்களுக்கு ஒரு நாற்காலி உண்டா? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நாட்சம்பளத்தைப் பற்றி எழுதவில்லை. 2021இல் ஆயிரம் ரூபாய் ஆக்குவதற்கு எத்தனை வருடப் போராட்டம் என்பது உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகும் கூடியது, இனியும் கூட வேண்டும். ஆனால் சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேசிப் பேசி, எங்களை இந்த நாட்டின் குடிமக்களாகப் பார்க்காமல் கொழுந்து எடுக்கும் கைகளாகவே எல்லோரும் பார்த்துப் பழகிவிட்டார்கள். எங்கள் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

எங்கள் எதிர்காலத்தை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதிவைத்தார்கள். 1947 தேர்தலில் எங்கள் அமைப்பான இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே எங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் எங்கள் சனங்களில் பெரும்பாலானோரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மிச்சப் பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் போன குடும்பங்கள் எங்கள் தோட்டங்கள் தோறும் உண்டு. கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற நிலை முடிவுக்கு வந்தது. ஐம்பத்தைந்து வருடம்!

அரசு எழுதிய எதிர்காலம் அது. தமிழ்த் தேசியத் தலைமையும் ஒன்றை எழுதியது. எங்கள் பிரஜாவுரிமைப் பிரச்சினையில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது, செல்வநாயகம் வெளியேறித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனாலும் 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது எங்கள் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் அதோடு சேரவில்லை. நுவரெலியாவிலும் பதுளையிலும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் வாழும் ஒரு சனம் அந்த வரைபடத்தில் எங்கே நிற்கும்? 1977 கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன எங்கள் ஆட்கள் காடு வெட்டிக் குடியேறினார்கள், பிறகு போரின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். காணி உறுதி இல்லாத குடும்பங்கள் அவர்களிலும் இன்றுவரை இருக்கின்றன. இப்போதும் மண் சரியும் போதெல்லாம் "வடக்குக்கு வாருங்கள்" என்று அன்போடு கூப்பிடுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். போக விரும்புகிறவர் போகட்டும். ஆனால் இங்கே காணி இல்லை என்பதற்காக ஒருவர் ஊரைவிட்டுப் போவதை அவருடைய விருப்பம் என்று சொல்ல முடியாது.

ஜனாதிபதி அவர்களே, உங்கள் கட்சியும் ஒன்றை எழுதியது. 1960களின் பிற்பகுதியில் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பட்டினி கிடந்த எங்கள் பாட்டன்மார் அதில் இந்தியாவின் கையாட்களாகக் காட்டப்பட்டார்கள். பழையதைக் கிளறிப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. 2023 ஒக்டோபரில் உங்கள் கட்சி தலைமையிலான தேசிய மக்கள் சக்தி ஹட்டனில் ஒரு பிரகடனம் வெளியிட்டது. மலையகத் தமிழர் இந்த நாட்டின் மக்கள் என்பதையும் எங்களுக்கு வீடும் காணியும் வேண்டும் என்பதையும் உங்கள் கட்சியே ஒப்புக்கொண்டது. அந்த மாற்றத்தை நான் உண்மையாகவே மதிக்கிறேன். 2024இல் நுவரெலியாவிலும் பதுளையிலும் தோட்டத்து சனம் உங்களுக்கு வாக்குப் போட்டதும் உங்கள் அணியிலிருந்து மலையகப் பெண்கள் நாடாளுமன்றம் போனதும் சின்ன விஷயம் இல்லை. அந்த வாக்கை நம்பித்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

காணி இல்லாமல் வாழ்வது எப்படி இருக்கும் என்று கொழும்பில் உட்கார்ந்து யோசிப்பது கஷ்டம். எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே முகவரி: தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், தபால் நிலையத்தின் பெயர். வீட்டு இலக்கம் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. கடிதக் கட்டு தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள், அல்லது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை வாங்கி வரும். ஒரே பெயரில் நான்கு லெட்சுமி இருந்தால் கடிதம் நான்கு காம்பிரா (லயத்து அறை) ஏறி இறங்கும். அரசாங்க வேலைக்கு நேர்முகப் பரீட்சை வைத்து அனுப்பிய கடிதம், அந்தத் தேதி போன பிறகு வந்து சேர்ந்த கதை எங்கள் லயத்திலேயே உண்டு. அந்தப் பிள்ளை இன்று கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் மகனுக்குக் கல்யாணம் முடித்து மருமகளையும் கூட்டி வந்தால் இடம் போதாது. முன்திண்ணையான இஸ்தோப்பை நான்கு தகரம் போட்டு அடைத்து ஒரு அடுப்படி கட்டுவார்கள். அதற்கும் ஆபிசில் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டினால் பிரிக்கச் சொல்வார்கள். அறுபது வயதுவரை அந்த மலையில் கொழுந்து எடுத்த அம்மா, தன் சொந்தக் காசில் வாங்கிய தகரத்தைத் தானே கழற்றி மடித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவர் அவருடையது இல்லை, கூரை அவருடையது இல்லை, வாசலில் அவர் நட்ட கறிவேப்பிலைக்குக் கீழே இருக்கும் மண்ணும் அவருடையது இல்லை. வங்கியில் கடன் கேட்டால் என்ன பிணை காட்டுவார்?

2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிராமத்தில் வீடு இழந்தவர் காணி உறுதியை நீட்டி இது என் வீடு என்று சொல்லலாம். லயம் இழந்தவர் எதை நீட்டுவது? வீடும் கம்பெனியுடையது, காணியும் கம்பெனிக் குத்தகையில் இருப்பது. பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று சொல்லும் அதிகாரி, எந்த இடம் என்பதைத் தோட்ட நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வீடமைப்புத் திட்டங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். சரி, இருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடு தருவதாக அறிவித்தார். வேலை நடக்கிறது, வீடு கிடைத்தவர்கள் சந்தோஷப்படுகிறார்கள், நானும் சந்தோஷப்படுகிறேன். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள்ளும் செலவழிக்க வழி செய்ததும் நல்ல காரியம். அதற்கு முன்பு சபைக்கு வாக்குப் போட்டோம், ஆனால் அந்தச் சபை எங்கள் பாதைக்கு ஒரு லோட் கல் கொட்டுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் இந்தத் திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் என்பதே பெரிய பேச்சாக இருந்தது. ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸில் ஒரு குடும்பம் தூங்கலாம், சமைக்கலாம். பிழைக்க முடியாது. பிழைப்புக்கு மறுபடி தோட்டத்துத் துரையிடம்தான் போக வேண்டும்.

இந்த நாட்டுத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்று சிறு தோட்ட உடமையாளர்களிடமிருந்துதான் வருகிறது. காலி, மாத்தறை, இரத்தினபுரி பக்கத்துக் கிராமத்து மக்கள் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் தேயிலை போட்டு, பக்கத்து ஃபெக்டரிக்குப் பச்சைக் கொழுந்து விற்கிறார்கள். அவர்களுக்காக அரசாங்கம் தனி அதிகார சபை வைத்திருக்கிறது. நடுகைக்கு மானியம் உண்டு, ஆலோசனை சொல்ல உத்தியோகத்தர் உண்டு. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலிருந்து சுவர்ணபூமி, ஜயபூமி, உறுமய என்று எத்தனை உறுதி வழங்கும் விழாக்கள்! அதை நான் குறை சொல்லவில்லை, கிராமத்து ஏழைக்குக் காணி கொடுத்தது சரியான வேலை. ஆனால் தேயிலைச் செடியைத் தாய்ப்பிள்ளை மாதிரி அறிந்த சனம் ஒன்று இருக்கிறது. செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து எப்போது வெட்டுவது, எந்த மலையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுப்பது என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. தேயிலைக்குச் சொந்தக்காரர் ஆகும் வழி அவர்களுக்கு மட்டும் அடைபட்டிருக்கிறது. ஏன்?

தோட்டத்தைத் துண்டு போட்டால் தொழில் அழிந்துவிடும் என்பார்கள். பெரும்பகுதித் தேயிலை ஏற்கெனவே துண்டுக் காணியிலிருந்துதானே வருகிறது. இப்போது சில தோட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, எடுக்கும் கொழுந்துக்குக் காசு கொடுக்கிறார்கள். பராமரிப்பும் மழையும் நட்டமும் குடும்பத்தின் தலையில், காணி மட்டும் கம்பெனியின் பெயரில். இதைக் காட்டி, காணி கொடுத்தாயிற்று என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சிறு உடமையாளர் வாழ்க்கையும் லேசானது இல்லை என்று எனக்குத் தெரியும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது அவர்கள் பட்ட பாடு நாடே பார்த்தது. இருந்தாலும் விளைச்சல் விழுந்த வருடத்தில்கூட அவர்களை யாரும் வீட்டைவிட்டு எழும்பச் சொல்ல முடியவில்லை.

சிங்கள அயலவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1840இல் வெள்ளைக்காரன் போட்ட முடிக்குரிய காணிச் சட்டம் கண்டி விவசாயியின் சேனைப் பயிர்நிலத்தையும் காட்டையும் விழுங்கியது. அந்தக் கோபம் நியாயமானது. அதை எங்கள் பக்கம் திருப்பிவிட்டதுதான் அநியாயம். 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. அந்த வருடங்களில் தோட்டத்தில் பட்டினிச் சாவு விழுந்தது, பல இடங்களில் எங்கள் ஆட்களை விரட்டிவிட்டுக் காணியைப் பிரித்தார்கள். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் அப்படிக் காணி பறிபோவதைத் தடுக்கத் திரண்டவர்களை நோக்கிப் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் இறந்தார். காணி கிராமத்தானுக்கா தோட்டத்தானுக்கா என்று இரண்டு ஏழைகளை மோதவிட்ட கணக்கு அது. காடாகிப்போன மலைகள் இன்று எத்தனை தோட்டங்களில் கிடக்கின்றன என்று நேர்மையாக அளந்தாலே, இரண்டு பேருக்கும் கொடுக்க இடம் இருப்பது தெரியும்.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் பலன் தரும் தேயிலை எவ்வளவு, கைவிட்ட மலை எவ்வளவு, குடியிருப்பு எவ்வளவு, மண் சரியும் சரிவு எது என்று அளந்து, மூன்று மொழியிலும் எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். கம்பெனிகளில் அரசாங்கத்துக்குத் தங்கப் பங்கு எனும் சிறப்பு உரிமைப் பங்கு இருக்கிறது, கேட்டு வாங்கும் அதிகாரம் உங்களிடம் உண்டு. குடியிருப்புகளையும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டக் காய்கறிக் காணியையும் குத்தகையிலிருந்து பிரித்தெடுத்து, கிராமம் என்று வர்த்தமானியில் போட்டு, வீட்டுக்கு இலக்கம் கொடுங்கள். தபால்காரர் வாசல்வரை வரட்டும். கைவிட்ட மலைகளைச் சிறு உடமையாகப் பிரித்துக் கொடுங்கள், அதிகார சபையின் மானியத்தோடு. உறுதியில் பெண்ணின் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். கொழுந்துக் கூடையைப் பெரும்பாலும் அவர்கள்தான் சுமக்கிறார்கள்.

இது நடந்து முடியும்வரை எந்தக் கம்பெனியின் குத்தகையையும் ஒரு நாள்கூட நீட்டாதீர்கள். புதிய அரசியலமைப்பு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மாகாணங்களுக்கு அதிகாரம் என்ற பேச்சு வரும்போது, ஒரே மாகாணத்துக்குள் அடங்காமல் பல மாவட்டங்களில் சிதறி வாழும் எங்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அதே அமர்வில் பேசுங்கள், கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். குத்தகையை மீளாய்வு செய்ய நீங்கள் அமைக்கும் குழுவில், தொழிற்சங்கத் தலைவர்களும் அமைச்சின் செயலாளர்களும் கம்பெனிக்காரர்களும் இருக்கட்டும். அவர்களுக்குச் சமமான எண்ணிக்கையில், இன்று மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களையும் தோட்டத்தைவிட்டு வெளியே வேலைக்குப் போன இளைஞர்களையும் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர்களுக்கு அந்த நாட்களின் சம்பளத்தைக் கொடுத்து, தமிழில் கூட்டம் நடத்துங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு மலையகத் தமிழர்