பழைய நீச்சல் குளங்களைச் சீரமைக்கும் முறை மாற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளிகள், விடுதிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றில் உள்ள பழைய நீச்சல் குளங்கள் பலவற்றில், தண்ணீரை இறைத்துவிட்டு, விரிசல் தெரியும் இடத்தில் வெள்ளை சிமென்டைத் தேய்த்து, நீலப் பெயின்ட் அடித்துத் திறந்துவிடுவதையே சீரமைப்பு என்று நினைக்கிறார்கள். கட்டுமானத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தப் பழக்கம் பணத்தை வீணாக்குவதுடன் ஆபத்தையும் மறைத்துவிடுகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மேல்பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலால் பெரிய கேடில்லை. காங்கிரீட் வரை இறங்கிய விரிசல் அப்படிப்பட்டதன்று. எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் குளத்தில், ஆழமான பக்கத்துச் சுவரில் ஒரே இடத்தில் பழுப்புக் கறை வடிந்துகொண்டே இருந்தது. பெயின்ட் அடித்தும் அடுத்த மழைக்காலத்துக்குள் அதே கோடு திரும்பத் தெரிந்தது. அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டியபோது உள்ளே பொள்ளலாக ஒலித்தது. பூச்சைக் கொத்தி எடுத்துப் பார்த்தால், கம்பி துருவேறி உப்பி, செதில் செதிலாகக் கையோடு வந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. நம் கடலோரத்து உப்புக் காற்று இதை மேலும் விரைவுபடுத்துகிறது. கம்பியின் பின்புறம் வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைத்தால்தான் அந்த இடம் நிலைக்கும்.

தண்ணீர் குறைந்தாலே விரிசல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. குளத்துப் படியில் ஒரு வாளியை வைத்து, குளத்து மட்டத்துக்கே அதில் நீர் நிரப்பி, உள்ளும் வெளியும் குறியிட்டு ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது ஆவியானது. குளத்தில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் கசிவு. மோட்டார் ஓடும்போது இன்னும் அதிகமாகக் குறைந்தால் குழாய்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விரிசலின் வாயருகே சிறிது சாய நீரை மெல்ல விட்டால், கசிவு இருக்கும் இடம் அதை உள்ளே இழுப்பது கண்ணுக்கே தெரியும்.

கறைகளும் ஒரே வகையல்ல. இலை, பாசி ஆகியவற்றால் வந்த கறை குளோரின் பட்டால் வெளிறும். போர் தண்ணீரில் உள்ள இரும்பால் வந்த பழுப்புக் கறையின் மீது வைட்டமின் சி மாத்திரையைத் தேய்த்தால் அது மங்கும். நீலப் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் செம்பு. வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு உப்பு. இவை எதையும் பாராமல் எல்லாவற்றுக்கும் ஆசிட் ஊற்றுகிறார்கள். ஆசிட் கறையோடு பூச்சின் மேலடுக்கையும் அரித்துவிடுவதால், சொரசொரப்பான அந்தப் பரப்பில் அடுத்த கறை இன்னும் எளிதாகப் பிடிக்கிறது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 7.2 முதல் 7.8 வரை வைத்திருந்தாலே பாதிக் கறைகளைத் தவிர்க்கலாம்.

இங்கே நான் மிகவும் அஞ்சுவது தொழிலாளர்களின் உயிருக்காக. பிளீச்சிங் பவுடர் கிடக்கும் தரையில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான அந்த வாயு, வெறும் குளத்தின் அடியில்தான், அதாவது ஆள் குனிந்து தேய்க்கும் இடத்தில்தான், தேங்கும். இரண்டையும் ஒரே வேலையில் பயன்படுத்த எந்த நிர்வாகமும் அனுமதிக்கக் கூடாது.

மழைக்காலத்தில் குளத்தை வெறுமையாக்குவதும் பெருந்தவறு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியதை நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய மழையில் நிலத்தடி நீர் மேலேறும்போது, உள்ளே தண்ணீர் இல்லாத குளம், தொட்டி நீரில் விட்ட காலி அண்டாவைப் போல மேலெழப் பார்க்கும். தரை பிளக்கும், குழாய் இணைப்புகள் முறியும். எனவே இறைப்பதற்கு முன் குளத்தருகே ஒரு குழி தோண்டி நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். அடித்தளத்தில் நீரழுத்தத்தைத் தணிக்கும் வால்வு இருந்தால் அது இயங்குகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

ஆகவே சீரமைப்புக்கு ஒப்பந்தம் கோரும் நிர்வாகங்கள், பெயின்ட் அளவை மட்டும் குறிப்பிடாமல், கசிவுச் சோதனை, சுவரைத் தட்டிப் பார்த்தல், துருவேறிய கம்பிகளைச் சரிசெய்தல், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு வாரம் நீர் நிரப்பிப் பார்த்தல் ஆகியவற்றையும் நிபந்தனைகளாகச் சேர்க்க வேண்டுகிறேன். வேலையைச் சித்திரையில் தொடங்கி, பூச்சை ஈரம் காயாமல் நன்றாக நீராற்றி, ஐப்பசி மழைக்கு வெகு முன்பே குளத்தை நிரப்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.