எங்கள் வாசிப்பு வகுப்புத் திட்டத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான மாலை நேர வாசிப்பு வகுப்பின் திட்ட முன்மொழிவை இந்த வாரம் அனுப்பிவிட்டோம். அதில் இலக்கும் குறிக்கோளும் ஒன்றரைப் பக்கம்தான். ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்துக்குத்தான் அதிகம் பேர் உழைத்தீர்கள்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற எங்கள் அதிபர் சேருக்கு. 'தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பில் யாருக்கும் பின்தங்கக் கூடாது' என்ற இலக்கை அவர் அப்படியே விட்டார். ஒரு திட்டத்தால் முடிகிற காரியம் இல்லை, பெரிதாகவே இருக்கட்டும் என்றார். குறிக்கோள்களில்தான் விடவில்லை. 'புத்தகம் வாங்குதல்', 'வகுப்பு நடத்துதல்' இரண்டையும் செயற்பாடுகள் பகுதிக்கு அனுப்பினார். புத்தகம் வந்த பிறகு பிள்ளையிடம் என்ன மாறும், அதை எழுதுங்கள் என்றார். நல்ல குறிக்கோளுக்கு என்று முகாமைத்துவ ஆலோசகர் ஜோர்ஜ் டொரான் 1981இல் எழுதிய ஐந்து சோதனைகளையும் (SMART) பொறுமையாக விளக்கினார்: குறிப்பாக இருக்கிறதா, அளக்கலாமா, யார் பொறுப்பு, நடக்கக்கூடியதா, எப்போதைக்குள். கடைசியில் இப்படி வந்தது: 'அடுத்த டிசம்பருக்குள் தோட்டத்தின் இரண்டு டிவிசனிலும் தரம் 3 பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேர், பாடப் புத்தகத்தில் ஒரு பந்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்து, அதில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வார்கள்.'

அந்த எட்டு, கொழுந்து எடுக்கும் அக்காமார் தந்த கணக்கு. பத்துக்குப் பத்து என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஜூன், ஜூலை மழையில் மேல் டிவிசன் பிள்ளைகளை இருட்டில் அனுப்ப முடியாது, வகுப்பு தவறும் என்று நேராகச் சொன்னீர்கள். கொழுந்து நிறுத்து நீங்கள் வீடு வரும் நேரத்தைப் பார்த்துத்தான் வகுப்பு நேரமும் வைத்தோம். கொழும்பில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இது ஒன்றும் வந்திருக்காது. முழு முன்மொழிவிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான், அக்காமாரே.

தரம் 3 டீச்சர்மார் பாடசாலை விட்ட பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்க வைத்து, இன்றைய நிலையைக் குறித்துத் தந்தார்கள். அது கையில் இல்லாவிட்டால் வருட முடிவில் எதோடு ஒப்பிடுவது? இந்த வேலைக்கு அவர்கள் ஒரு சதம்கூட வாங்கவில்லை.

அப்புறம், பிள்ளை மடுவத்தை (பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை) மாலையில் திறந்துவிட, தோட்டத்து முகாமையாளரான துரையிடம் பேசிய தோட்டத் தலைவருக்கும், பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றித் தந்த கொமினிகேஷன் கடைத் தம்பிக்கும் நன்றி.

பதில் வர நாளாகும். அதுவரை சனிக்கிழமைகளில், இருக்கிற புத்தகங்களோடு தொடங்குகிறோம். இன்னும் பெயர் கொடுக்காத பிள்ளைகள் இருந்தால் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

மனமார்ந்த நன்றியுடன்,
செயலாளர், வாசிப்பு வகுப்புக் குழு